ரோடு இல்லாத பஸ்

அந்த வீட்டில் அக்காவுக்குப் பெயர் நெட்டை. தம்பிக்குப் பெயர் உருண்டை. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் வேறு பெயர்கள் உண்டு. வீட்டில் யாரும் அவற்றைச் சட்டை செய்வதில்லை.

உருண்டைக்கு நான்கு வயது. நெட்டையின் கட்டிலில்தான் தூங்குவான். பாதி தூக்கம், மீதி உதை.

"அம்மா, இவன் தூக்கத்துல கால்பந்து ஆடுறான். நான்தான் பந்து" என்றாள் நெட்டை.

சாமான்கள் அடைத்து வைத்திருந்த சின்ன அறையை உருண்டைக்காகக் காலி செய்தார்கள். அப்பா பழைய கட்டிலின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார். சுவர் அம்மாவின் பொறுப்பு.

அம்மாவுக்குக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் தொழில். தூரிகையோடு ஏணியில் ஏறிவிட்டால் பசி தெரியாது. உருண்டைக்குப் பஸ் என்றால் உயிர். அதனால் கட்டிலுக்கு மேலே, சுவரின் உச்சியில், ஒரு பெரிய சிவப்புப் பஸ் வரைந்தாள். சக்கரத்தின் திருகாணிகள்கூட அச்சு அசலாக இருந்தன.

"ஏம்மா அவ்வளவு மேல?" என்றாள் நெட்டை.

"பலகைன்னா தலைக்கு மேலதான் இருக்கணும். கூட்டம் மறைக்கக் கூடாது."

"இந்த ரூம்ல ஏதும்மா கூட்டம்?"

"கைப்பழக்கம்டி" என்று அம்மா சிரித்தாள்.

உருண்டை வந்தான். பஸ்ஸைப் பார்த்துக் கை தட்டினான். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"எங்க, படுத்துப் பாரு" என்றாள்.

படுத்தான். மேலே பார்த்தான். துள்ளி எழுந்து ஓடிப்போய் நெட்டையின் போர்வைக்குள் சுருண்டுகொண்டான்.

மறுநாளும் அதே கதைதான்.

"பிடிவாதம். நாலு நாள் அழுதா தானா சரியாயிடும்" என்றார் அப்பா.

அம்மா வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தாள். "பிடிக்கலைன்னா அழிச்சிடறேன். குழந்தைகிட்ட என்ன மல்லுக்கட்டு?"

சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த தூரிகையை மறுபடியும் கழுவினாள்.

நெட்டைக்கு மனசு கேட்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் பொறும்மா" என்றாள்.

சின்ன அறைக்குப் போனாள். காலை மடக்கிக்கொண்டு தம்பியின் கட்டிலில் படுத்தாள். மேலே பார்த்தாள்.

பஸ் நேராகத் தலைக்கு மேலே தொங்கியது. சக்கரங்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் சுவர். அதற்குக் கீழே தலையணை.

தம்பியிடம் போய் உட்கார்ந்தாள். "பஸ் நல்லா இல்லையாடா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அது எது மேல நிக்குது? விழுந்தா என் மேலதானே விழும்?"

"சுவத்துல இருக்கறது எப்படிடா விழும்?"

"ஹால்ல அப்பா மாட்டின கடிகாரம் விழுந்துச்சே!"

நியாயமான கேள்வி.

"ரோடு போட்டா?" என்றாள்.

உருண்டை யோசித்தான். "எங்க வரைக்கும்?"

"அதை நீதான் சொல்லணும்."

அம்மா ஏணியைத் தூக்கி வந்தாள். சக்கரங்களுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு ரோடு போட்டாள். அது சுவரில் சரிந்து இறங்கியது. சரிந்த இடத்தில் நெட்டை அவளை நிறுத்தினாள்.

"இனிமே ஏணி வேணாம்மா. முட்டி போடு."

"இவ்வளவு கீழ நான் வரைஞ்சதே இல்லடி" என்று அம்மா முட்டி போட்டாள். இப்போது அவள் முகமும் உருண்டையின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

ரோடு கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனது. உருண்டை சுவரில் கை வைத்தான். "பஸ் இங்க நிக்கணும்."

"எதுக்கு?"

"என் சட்டை ஏறும்."

நெட்டை அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா சுத்தியலோடு வந்தார். "நான் மேல அடிச்ச ஆணிக்கு என்ன குறைச்சல்?"

"அது உங்க சட்டைக்குப்பா. அவனுக்கு எட்டாது."

அப்பா தன் ஆணியை அண்ணாந்து பார்த்தார். பிறகு உருண்டையைக் குனிந்து பார்த்தார். கீழே ஒரு கொக்கி அடித்தார். அடுத்த நிறுத்தத்தில் பொம்மைகளுக்கு ஒரு தாழ்ந்த பலகை. கதவோரம் செருப்புக்கு ஒரு பெட்டி.

ரோட்டின் கடைசிப் பகுதியை உருண்டையே வரைந்தான். அது அங்கே வீங்கி, இங்கே இளைத்து, பாம்பு போல நெளிந்தது. அம்மாவின் தூரிகை தானாக அங்கே போனது. நெட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோணலா இருக்குடி."

"மலைப்பாதைம்மா."

அம்மா தூரிகையைக் கீழே வைத்தாள். வெள்ளை டப்பாவை மூடினாள்.

பெயிண்ட் காய்ந்த பிறகு, ஒரு மத்தியானம், உருண்டை யாரிடமும் சொல்லாமல் தன் தலையணையை எடுத்துக்கொண்டு போனான்.

நெட்டை தன் கட்டிலில் கையையும் காலையும் நீட்டிப் படுத்தாள். உதைக்க யாருமில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை. எழுந்து போய்ச் சின்ன அறையின் கதவைத் திறந்தாள்.

உருண்டை பஸ்ஸுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்திருந்தான். தலையை மட்டும் திருப்பினான்.

"இது என் ரூம். தட்டிட்டு வா."

நெட்டை வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். மரியாதையாகத் தட்டினாள்.