பட்டினி கிடந்த பெரிய மீன்

வலது கையில் மாவுக்கட்டுடன் அந்தப் பெண் துப்பறிவாளரின் அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள். பின்னாலேயே அவள் கணவன் ஒரு பெட்டியைச் சுமந்து வந்து மேஜைமேல் வைத்தான். ஏரி ஆய்வகத்தில் அவள் விஞ்ஞானி. அவன் அங்கேயே வண்டி ஓட்டுபவன்.

"நாளைக்கு ஏரியைத் திறக்கப் போறாங்க சார். மீன் பிடிக்கலாம், சாப்பிடலாம்னு. என் கணக்கு தப்பாம், என்னையும் வீட்டுக்கு அனுப்பறாங்க."

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நிதானமா சொல்லுங்கம்மா. மீன்னா முள்ளு குத்தும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அணு ஆலைக் கசிவுக்குப் பின் ஏரி நீரில் சீசியம் என்ற கதிரியக்க நஞ்சு கலந்திருந்தது. நீரிலிருந்து பாசிக்கும், நத்தைக்கும், சிறு மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் அது எவ்வளவு ஏறும் என்று கணிப்பது அவள் வேலை. பிறகு அந்த உயிர்களைப் பிடித்து, உலர்த்திப் பொடித்து, கருவியில் அளந்து சரிபார்ப்பார்கள். பாசி, நத்தை, சிறு மீன் எல்லாம் அவள் சொன்னபடியே வந்தன. மனிதர்கள் உண்ணும் பெரிய மீனில் மட்டும் சீசியம் இல்லவே இல்லை.

"அதெப்படி?" துப்பறிவாளரின் உதவியாளர் பட்டாசு, பேருக்கேற்றபடி வெடித்தாள். "சின்ன மீன்ல அவ்வளவு இருக்கு. பெரிய மீன் என்ன பட்டினி கிடந்துச்சா?"

"அதையேதான் நானும் கத்தினேன். 'உன் கணக்கைக் காப்பாத்த மீன்மேல பழி போடறியா'ன்னு ஆய்வகத் தலைவர் கேட்டார். யாரோ தூளை மாத்தியிருக்காங்க. அளவுக்கருவிக்காரன்தான். எனக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்."

"பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கிட்டு வரட்டுமா சார்?"

"உட்காரு. இந்தப் புட்டிங்கள்ல எது பெரிய மீன், எது சின்ன மீன், சொல்லு."

பட்டாசு பெட்டியிலிருந்த புட்டிகளைத் திறந்து பார்த்தாள். எல்லாம் ஒரே வெளுத்த தூள். மேலே எண் மட்டும் ஒட்டியிருந்தது.

"பேரை எழுத மாட்டோம்," என்றாள் விஞ்ஞானி. "அளக்கறவர் மனசு ஒரு பக்கம் சாயக் கூடாதில்லையா? அளந்து முடிஞ்சப்புறந்தான் எந்த எண் எந்த உயிர்னு நான் சொல்வேன். ஆய்வகத்துல யாரும் பார்த்திடக் கூடாதுன்னு வீட்லயே எண் போட்டேன். ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது."

துப்பறிவாளர் ஒரு புட்டியை மெல்லச் சுழற்றினார். வளைந்த கண்ணாடியில் எண் சீட்டு ஒரு சுருக்கமுமின்றி இறுகப் படிந்திருந்தது.

"கையில எப்போ அடிபட்டது?"

"மீன் பிடிக்கப் போன அன்னைக்கே. படகுல வழுக்கி விழுந்தேன்."

"இத்தனை புட்டிக்கும் ஒத்தைக் கையாலயா இவ்வளவு நேர்த்தியா ஒட்டினீங்க?"

"இல்ல, இவர்தான் ஒட்டினார். நான் பேரைப் படிக்கப் படிக்க, இவர்..."

பேச்சு பாதியில் நின்றது. கணவனைக் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டு ஆளை யார் எண்ணுவார்கள்?

"கருவிக்காரர் கெடுக்க நெனச்சிருந்தா, குருட்டாம்போக்குல ஏதோ ஒரு புட்டியைத்தான் மாத்தியிருப்பார்," என்றார் துப்பறிவாளர். "இதுல பெரிய மீனை மட்டும் பொறுக்கி எடுத்து மாத்தியிருக்கு. எண் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒருத்தர் நியாயம் கேட்டு வந்திருக்காங்க. இன்னொருத்தர்தான் புட்டிகளை வண்டியில கொண்டு போனவர்."

அவன் தரையைப் பார்த்தான். "ஏரியை மூடின இந்த மூணு வருஷமா அண்ணன் வீட்ல வலை காய்ஞ்சு கிடக்கு. அண்ணி என் முகம் பார்த்துப் பேசறதில்லை. ஏரி திறக்கட்டும்னுதான் தொட்டியில வளர்த்த மீனை வாங்கிப் பொடிச்சு மாத்தி வெச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒத்துப்பியா?"

"மாட்டேன். அந்த மீனை முதல்ல திங்கப் போறது உங்க அண்ணன் பிள்ளைங்கதானே?" அவள் குரல் உடைந்தது. "வேலை போச்சுன்னு நேத்து அழுதேனே. தலையைத் தடவிக் கொடுத்தீங்களே. அப்போ மனசுல என்ன ஓடிச்சு?"

அவன் வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"உண்மையான தூளை எங்கே கொட்டினீங்க?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"கொட்டலை சார். வண்டி சீட்டுக்கு அடியில இருக்கு. கண்ட இடத்துல கொட்டக் கூடாதுன்னு இவதான் சொல்லிக் கொடுத்தா."

பட்டாசு கீழே ஓடினாள். விஞ்ஞானி இடக் கையால் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தாள். தூளை மாற்றியிருக்கிறார்கள், ஏரியைத் திறக்க வேண்டாம், பெரிய மீனை மறுபடி அளக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள்.

மறுமுனையில் தலைவர் பதறினார். "மாத்தினது யாரு? உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

அவள் எதிரே நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரிஞ்ச ஆள்னுதான் சார் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."