திருப்பிப் போடாத கேசட்

கேசட்டின் முதல் பக்கம் முடிந்துவிட்டது.

உள்ளே இருந்தவன் அதைத் திருப்பிப் போடவில்லை.

வேன்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி மாட்டுகிற சாமிநாதன், தன் ஷெட் கதவுக்கு வெளியே காதை வைத்தபடி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். உள்ளே நின்ற வேனின் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கொண்டியை நீக்கிக் கதவைத் திறந்தான்.

குப்பென்று புகை...

அவன் போட்ட கூச்சலில் மனைவி காஞ்சனா ஓடிவந்தாள்.

வேனின் பின்சீட்டில், புத்தம்புது ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால், வேன்காரன் பரந்தாமன் சாய்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன.

உயிர் இல்லை.

காஞ்சனா அழவில்லை. அடுப்பில் உலை பொங்கியிருக்குமே என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்படக்கூட அவளுக்கு வரவில்லை.

சாயங்காலம் போலீஸ் ஜீப் சாமிநாதனை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலை அதே ஜீப் அவனை விலங்கோடு கொண்டுவந்து ஷெட் வாசலில் நிறுத்தியது.

"புகையிலதான் செத்திருக்கான்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா," என்றார் இன்ஸ்பெக்டர் வீரபத்திரன். "உள்ள ஆள வெச்சுகினு, வண்டிய ஓடவிட்டு, வெளிய கொண்டி போட்டா அதுக்கு இன்னா அர்த்தம்?"

"எப்பவும் அப்படித்தாங்க." காஞ்சனாவின் குரல் யாருடையதோ போல் இருந்தது. "எஞ்சின் ஓடலன்னா பேட்டரி தாங்காது. கதவு தொறந்திருந்தா தெருவே சண்டைக்கு வரும். இந்தப் பெட்டி போடற போடுல தறியில இழை அறுந்துபோதுன்னு..."

"கொண்டி?"

"போடலன்னா அந்த அதிர்வுல கதவு தானா தொறந்துக்கும். வண்டிக்காரங்க உள்ள குந்திகினு கேப்பாங்க. இவரு வெளிய நின்னு எவ்ளோ சத்தம் வருதுன்னு கேப்பாரு. ஆடிக்கிருத்திகைக்கு எத்தினி வேனுக்குப் பெட்டி மாட்டியிருக்காரு... யாருக்கும் ஒண்ணும் ஆவலீங்களே."

"அப்ப புகை எங்க போவும்?"

"ரப்பர் குழாய் இருக்குதுங்க. சைலன்சர்ல சொருவி, பின்சுவத்து ஓட்டை வழியா வெளிய விட்டுடுவாரு."

"குழாய நானும் பாத்தேன். ஊதினா சுத்தமா காத்து போவுது. அப்படின்னா புகை எதுக்கு உள்ள தங்கணும்? உன் புருஷன் குழாய உருவிட்டு, ஆள் செத்தப்புறம் மாட்டியிருக்கான். நானா சொல்லலம்மா. அவனே ஒத்துக்கினான்."

காஞ்சனா விலங்கோடு நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"செத்தவன் உனக்கு பாவா, கட்டிக்கிற முறை. மொதல்ல உன்ன அவனுக்குத்தான் பேசி வெச்சிருந்தாங்க. சரிதானே?"

"ஆங்."

"போதாதா?"

கான்ஸ்டபிள் எல்லப்பன் தன் பங்குக்கு நுழைந்தார். "சார், உள்ள பொணம் கெடக்குது, இவன் பாட்டுக்குப் பெட்டிக்கு ஸ்குரூ முடுக்கிகினு இருந்திருக்கான். தெருவே பாத்துச்சு."

"தூக்குதான்," என்றார் இன்ஸ்பெக்டர், மழை வரும் என்பதைப்போல.

காஞ்சனா புருஷனிடம் போனாள்.

"நீங்களா செஞ்சீங்க?"

"ஆங்."

"என்னப் பாத்துச் சொல்லுங்க."

சாமிநாதன் அவள் கால்களைத்தான் பார்த்தான். "நாந்தான் காஞ்சனா. நீ ஒண்ணும் பேசாத. உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை. ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். கால்கள் தாமாகவே நடந்தன.

நேற்று தறிக்காகக் கஞ்சி போட்டு இழுத்துக் கட்டிய பாவு இன்னும் அங்கேயே கிடந்தது. வெள்ளை வெளேரென்று நூல் நூலாக... ஒரு ஓரத்தில் மட்டும் கரும்புள்ளிகள்.

அதற்கு நேர் எதிரே, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது ரப்பர் குழாய்.

காஞ்சனா நின்றுவிட்டாள்.

நேற்று இங்கேதான் குனிந்து நின்றாள். குழாயிலிருந்து கரி பறந்து பாவின்மேல் விழுந்தது. கருத்த பாவில் நெய்த வேட்டியை யார் வாங்குவார்கள்? கையில் கிடைத்த கழிவு நூலைச் சுருட்டி, குழாயின் வாயில் திணித்து, குச்சியால் குத்தி இறுக்கினாள். ஈ மொய்க்கிற பாத்திரத்தை மூடுவதுபோல. அத்தோடு அதை மறந்தும் போனாள்.

புகை நின்றுவிட்டது என்று நினைத்தாள்.

நிற்கவில்லை... குழாய் சொருகிய இடுக்கு வழியாகத் திரும்பி உள்ளே போயிருக்கிறது!

உடம்பில் எந்தப் பாகமும் தன்னுடையதாகத் தெரியவில்லை. வாசலுக்கு வந்தாள்.

"சார், குழாய அடைச்சது நானு. பாவு கருத்துப் போவுதேன்னு அடைச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

வீரபத்திரன் சலிப்போடு பார்த்தார். "புருஷனக் காப்பாத்த எல்லாப் பொம்பளையும் சொல்றதுதான். அடைச்சது எங்கம்மா? குழாய்லதான் ஒண்ணுமே இல்லியே."

காஞ்சனா புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம் என்று.

குழாயில் இல்லை என்றால் எடுத்தது யார்? எடுத்ததை எங்கே வைப்பான்? எதற்காகப் பிணத்தின் பக்கத்தில் நின்று ஸ்குரூ முடுக்கினான்?

"பெட்டியப் பிரிங்க சார்."

"சார், அதுல கழிவு நூல்தான் இருக்கும்," சாமிநாதன் அவசரமாகச் சொன்னான். "சத்தம் உள்ளயே முட்டி அதிராம இருக்கறதுக்கு எல்லாப் பெட்டிலயும் அடைப்பேன்."

"அப்ப இன்னாடா பயம்? எல்லப்பா, பிரி."

பின்பலகை கழன்றது. எல்லப்பன் பிடிபிடியாக நூலை அள்ளி வெளியே போட்டார். வெள்ளை... வெள்ளை... மறுபடியும் வெள்ளை.

அப்புறம் ஒரு உருண்டை.

குழாயின் அளவுக்கு உருண்டு, கஞ்சியில் விறைத்து, ஒரு பக்கம் முழுக்கக் கரியாக...

எல்லப்பன் அதை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"அது நான் அடைச்சது சார்," என்றான் சாமிநாதன்.

"இல்ல சார், நானு."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"நீங்க சும்மா இருங்க. நேத்து நீங்க பின்பக்கம் வந்தீங்களா? நான்தானே நின்னுகினு இருந்தேன்?"

"அவன் செத்தப்புறந்தான் ஓடிப்போய்ப் பாத்தேன் சார், குழாய்ல நூலு அடைச்சிருந்துது..." சாமிநாதன் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டான். எல்லாம் வெளியே வந்துவிட்டது.

வீரபத்திரன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "கொல இல்லடா இது. கோர்ட்டு கேஸுன்னு அலையத்தான் வேணும். ரெண்டு பேரும் அலைங்க. ஆனா தூக்கு இல்ல. எல்லப்பா, விலங்க அவுத்து உடு."

காஞ்சனாவுக்கு இப்போதும் அழுகை வரவில்லை. புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லப்பன் விலங்கைத் தோளில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"என் சர்வீஸ்ல 'நான் இல்ல'ன்னு சொன்னவனத்தான் சார் அடிச்சுப் பழக்கம். 'நாந்தான் நாந்தான்'னு சண்ட போடறவங்கள இன்னா பண்றதுன்னு ட்ரெயினிங்ல சொல்லியே குடுக்கலியே!"