இஃபத்தின் சர்டிபிகேட்

சர்வர் அவனை உள்ளே விடவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆளில்லாத மூன்றாவது மாடியில், லீவு நாளிலும் ஓடும் பக்கத்து லேத் பட்டறையின் கிறீச்சொலியும் சூடேறிய ஒயரின் வாடையும் மட்டும் துணையிருக்க, வீரராகவன் நாலாவது முறையாக முயன்றான். உள்ளே போக அவரவர் பேரில் கணினியில் ஒரு சர்டிபிகேட் இருக்க வேண்டும். சர்வருக்கு அதுதான் அடையாள அட்டை. திரையில் வந்த பட்டியலில் அவன் பேர் இல்லை. ஒரே ஒரு பேர்தான் இருந்தது, இஃபத்.

லீவில் போகிறவர்கள் சர்டிபிகேட்டையும் பாஸ்வேர்டையும் டீம் லீடிடம் கொடுத்துவிட்டுப் போவது அந்த ஆபீஸ் வழக்கம். ரம்ஜான் லீவில் போன பூந்தமல்லி இஃபத்தும் டீம் லீடான வீரராகவனை நம்பித்தான் கொடுத்தாள். இந்த நல்ல மனுஷன் அதை வைத்து உள்ளே போய், வாடிக்கையாளர் விவரங்களை வெளியே விற்றான். சர்வர் பதிவில் விழுந்தது அவள் பேர். வேலை போயிற்று, வாசலில் போலீஸ் வந்து நின்றது. மூன்றாம் நாள் அவளைப் பருத்திப்பட்டு ஏரியிலிருந்து எடுத்தார்கள். பாவி, ஜனாஸா அடக்கத்துக்கும் போய் அழுதுவிட்டு வந்தான்.

நாளைக்குத் தணிக்கை. எல்லாம் இவன் கணினியிலிருந்து நடந்ததைக் காட்டும் பதிவை இன்றைக்கே அழிக்காவிட்டால் ஜெயில்தான்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பிரசன்னாவுக்கு போன் போட்டு, இஃபத்தின் சர்டிபிகேட்டைப் பற்றிக் கேட்டான்.

“அவங்களோடத நான்தான் அன்னிக்கே ரத்து பண்ணேன் அண்ணாத்தே. சர்வர் ஏத்துக்காது.”

“லிஸ்ட்ல கீதுடா.”

“அத தொடாதீங்க. நான் வந்து பாக்குறேன்.”

அவன் வந்தால் பதிவு அவன் கண்ணிலும் படும். வீரராகவன் வேர்த்த விரலால் இஃபத்தின் பேரை அமுக்கினான். சர்வர் திறந்தது. பதிவை அழித்துவிட்டு, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

லேத் நின்றிருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. மேஜைக்கு அடியில் கால் நனைந்தது.

மனைவி ராதிகாவிடமிருந்து போன் வந்தது.

“சொல்லு” என்றான்.

அவள் கேட்டாள்: “யாரும்மா நீ? எங்க ஊட்டுக்காரர் போனு உன்கிட்ட எப்டி?”

“நான்தான் ராதிகா.”

அவன் வாயிலிருந்து வந்தது பெண் குரல். இஃபத்தின் குரல்.

ராதிகா போனை வைத்துவிட்டாள்.

இருமினான். தண்ணீர் வந்தது. மறுபடி இருமினான். பாசி. கீபோர்டெல்லாம் கொட்டியது. எழ முடியவில்லை.

திரையில், அழித்த பதிவு வரி வரியாகத் திரும்பி வந்தது. தேதி. நேரம். ஒவ்வொரு வரியிலும் வீரராகவன். வீரராகவன்.

மூச்சுக்கு வாயைத் திறந்தான். ஏரித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.