இரண்டாவது கண்ணாடி

அந்த நீலக் காருக்காக யதுர்ஷா பஸ்ஸால் இறங்கி ஓடினாள்... குடை ஒரு பக்கம், பை ஒரு பக்கம், மழை எல்லாப் பக்கமும்!

நோர்வேயின் லோறென்ஸ்கூக் மழைக்கு ஈவிரக்கம் கிடையாது. ஆனால் இன்றைக்கு மழை என்ன, கல் விழுந்தாலும் அவள் நின்றிருக்க மாட்டாள். பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அப்பாவின் கடைக்குச் சாமான் ஏற்றும் வானைத்தான் ஓட்டி வருகிறாள். ஏறி இறங்கினாலே உடுப்பெல்லாம் கருவாடு மணக்கும் வான்! இப்போது வயது இருபத்தெட்டு. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் கண் பரிசோதிக்கிற நல்ல வேலை. இனியாவது தன் பெயரில் ஒரு கார் வேண்டாமா? அதுவும் எப்படிப்பட்ட கார்... விளம்பரத்தில் கண்ட அந்தப் பழைய மாஸ்டா. இரண்டே இருக்கை, கூரையை மடித்தால் தலைக்கு மேல் வானம். முன்விளக்குகளைப் பார்த்தால் ஏதோ குறும்பு செய்துவிட்டுச் சிரிப்பது போல இருக்கும்.

கராஜ் வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காருக்குள் யாரோ ஒருவன்! ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, உலகத்தையே விலைக்கு வாங்கியவன் மாதிரி...

"இப்போதுதான் பேசி முடித்தோம்," என்றார் காரை விற்ற ஆன்ட்ரியாஸ், நோர்வேஜிய மொழியில், தலையைச் சொறிந்தபடி.

"நான் வருகிறேன் என்று ஃபோனில் சொன்னேனே!"

"நீங்கள் சொன்னீர்கள். இவர் வந்துவிட்டார்."

யதுர்ஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கார்க் கண்ணாடி இறங்கியது. சுருட்டை முடி, அடர்ந்த இமை, கொஞ்சம் கூடுதலாகவே அழகான கண்கள்... சீ, கண் பார்க்கிற வேலையில் இருந்தால் இதுதான் வினை!

"தமிழோ?" என்றான் அவன்.

"ஓம். அதுக்கென்ன, காரை விட்டுத் தரப்போறியளோ?"

"அது ஏலாது... வேணுமெண்டா ஒரு சுத்துச் சுத்திக் காட்டுறன்."

"தேவையில்லை. எனக்குக் கால் இருக்கு!"

விறுக்கென்று திரும்பி நடந்தாள். பின்னால் என்ஜின் உறுமியது. அடுத்த நொடி கார் தவளை மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது. மறுபடி உறுமல்... மறுபடி துள்ளல்... அமைதி. மூன்றாவது துள்ளலுக்கு யதுர்ஷா திரும்பி வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"கிளச்சை மிதிச்சனீங்களோ?"

"எது... கிளச்?"

யதுர்ஷா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது கியர் கார்! விளம்பரத்திலை பெரிசா எழுதியிருந்ததே!"

"நான் படம் மட்டுந்தான் பாத்தனான்," என்றான் அவன் பரிதாபமாக. "அந்த நீலத்தைக் கண்டாப் பிறகு ஆர் வாசிக்கிறது? என்ர லைசென்ஸ் ஓட்டோமாட்டிக்குக்கு மட்டுந்தான்..."

காசு கொடுத்து வாங்கிய காரை அவன் ஓட்டிக்கொண்டு போகச் சட்டத்தில் இடமில்லை! யதுர்ஷாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சிரித்துவிட்டான்.

"நான் சயூரன். லிஃப்ட் திருத்திற வேலை. மேலை கீழை போறதெல்லாம் எனக்கு அத்துப்படி. முன்னுக்குப் போறதுதான் பிரச்சினை."

"தள்ளி இருங்கோ. வீட்டிலை கொண்டுபோய் விடுறன்."

இரக்கத்தில் சொல்லவில்லை. ஆசைப்பட்ட காரை ஒரு தரமாவது ஓட்டிப் பார்க்கும் ஆசை! நனைந்த பேர்ச் மரங்களுக்கு நடுவே கார் வழுக்கிக்கொண்டு போனது. அவள் கியர் மாற்றும் கையையே அவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டு வாசலில் தாய் சிவமலர் நான்கு எலுமிச்சம்பழங்களோடு காத்து நின்றார். மகனின் முதல் கார் அல்லவா! மகன் இந்தப் பக்கம் இறங்க, அந்தப் பக்கம் ஸ்டியரிங்கில் ஒரு பெண் பிள்ளை... சிவமலருக்குக் கண் விரிந்தது.

"ரெண்டு சீட்டோ? அப்ப நான் எங்கையடா இருக்கிறது?"

"நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ அம்மா!"

"போடா! பிள்ளை, நீர் இறங்காதையும். ஓட்டிவந்த ஆளே பழத்துக்கு மேலாலை ஏத்தட்டும். அதுதான் முறை."

எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டபோது யதுர்ஷாவுக்குக் காரணமில்லாமல் முகம் சிவந்தது.

கியர் பழகுவதற்கு நோர்வேயில் சட்டம் உண்டு. பல வருடம் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், காரின் பின்னால் சிவப்பு 'எல்' ஒட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பின்னால் வரும் வாகனங்களைப் பார்க்க இரண்டாவதாக ஒரு சின்னக் கண்ணாடியும் பூட்ட வேண்டும். அந்தப் பக்கத்து ஆளாக வரச்சொல்லி சயூரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். காரை அலங்கரிப்பதில் பாதி முடிவு தன்னுடையது என்றால் வருவதாக யதுர்ஷா சொன்னாள்.

அவனுடைய திட்டங்களைக் கேட்க வேண்டுமே!

"பின்னுக்கு ஒரு பெரிய இறக்கை பூட்டுவம்."

"இது காரோ, பிளேனோ?"

"இடி மாதிரிச் சத்தம் போடுற சைலென்சர்?"

"கார்ப் பரிசோதனையிலை திருப்பி அனுப்புவாங்கள்."

"பின்கண்ணாடியிலை தங்க எழுத்திலை என்ர பேர்..."

"ஓ, கலியாண மண்டப வாசல் மாதிரி! வேறை?"

சண்டை பிடித்துச் சண்டை பிடித்து, கடைசியில் அவனுக்குக் கறுப்புச் சக்கரங்கள், அவளுக்குத் தேன்நிறத் தோல் இருக்கை என்று உடன்பாடு வந்தது. கியர்க் கம்பிக்கு வழவழப்பான மரக் குமிழ் ஒன்றை அவளே தேடிப் பிடித்தாள். சனிக்கிழமைகள் எப்படி வந்தன, எப்படிப் போயின என்றே தெரியவில்லை. ஒரேயொரு குறை... அந்தச் சின்னக் கண்ணாடி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் திரும்பியிருக்கும். ஒட்டு சரியில்லையாக்கும் என்று நினைத்து அவளும் நிமிர்த்தி நிமிர்த்தி விடுவாள்.

கார் ஓட்டம் சீராக வந்த வேளையில்தான் அது நடந்தது. ஸ்ட்ரோம்மன் கார்த் தரிப்பிடத்தில் சயூரனின் நண்பன் ரதீஸ் ஒரு கூட்டத்தோடு நின்றான். நிறுத்தி இறங்கிய சயூரன், அவர்கள் திரும்புவதற்குள் 'எல்'லை உரித்துப் பைக்குள் செருகினான்.

"செம கார் மச்சான்! நீயே ஓட்டுறாய்?" என்றான் ரதீஸ்.

"பின்னை? வாங்கின நாளிலையிருந்து நான்தான்."

"இவ ஆர்?"

"இவ... சும்மா, ஒரு சுத்துக்கு வந்தவ."

சும்மாவா! யதுர்ஷாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஒரு சொல்லும் சொல்லாமல், அவன் தன்னிடம் கொடுத்து வைத்திருந்த மற்றக் கார்த் திறப்பை அவன் கையில் வைத்தாள்.

"சும்மா வந்தவ சும்மா போறன்."

பஸ் ஜன்னலால் பார்த்தபோது நண்பர்கள், "எடு மச்சான், ஒரு ஓட்டம் காட்டு!" என்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவளில்லாமல் அந்தக் காரை ஓர் அடி நகர்த்தவும் அவனுக்கு உரிமையில்லை. சயூரன் மழையில் நனைந்தபடி நின்றான். வேண்டும், நல்லாய் வேண்டும்... என்று நினைத்தாள். ஆனாலும் கண் ஏன் கலங்குகிறது?

அவன் எடுத்த அழைப்பு எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் போயிற்று. சனிக்கிழமைகளுக்கு இவ்வளவு நீளம் இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு மாலை, கடைசியாகக் கண் பரிசோதனைக்கு வந்த ஆளைப் பார்த்ததும் கையிலிருந்த விளக்கு நழுவப் பார்த்தது. சயூரன்!

"நாடியை இதிலை வையுங்கோ," என்றாள் விறைப்பாக, முகவாய் வைக்கும் தட்டைக் காட்டி. "என்ன கஷ்டம்?"

"கிட்ட இருந்தது தெரியாமல் போச்சுது."

அவன் நாடியை எடுக்காமலே பேசினான்.

"அண்டைக்கே ரதீஸிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். எனக்குக் கியர் லைசென்ஸ் இல்லை, அவதான் பழக்கினவ, அவ இல்லாட்டி கார் அசையாது எண்டு. பகிடி பண்ணினாங்கள்தான்... பிறகு ரதீஸ்தான் காரை வீட்டை கொண்டுவந்து விட்டவன். என்ர வறட்டு ரோசத்தாலை உங்களை நோகடிச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யதுர்ஷா விளக்கை அவன் கண்ணுக்கு நேரே திருப்பினாள்.

"போன கிழமை ஓட்டம் பழக்குற பள்ளிக்கூடக் காரிலை டெஸ்ட் பாஸ் பண்ணிட்டன். 'எல்'லையும் கழட்டியாச்சு."

யதுர்ஷாவுக்கு உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. "நல்லது. அப்ப இனி நான் தேவையில்லை."

"சட்டத்துக்குத் தேவையில்லை," என்றான். விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கண்கள் கலங்கித் தெரிந்தன. "எனக்கு வேணும். நான் உங்களை விரும்பிறன், யதுர்ஷா... அந்தத் தவளைப் பாய்ச்சல் நாளிலையிருந்து!"

இருவரும் வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. மாலை வெயிலில் நீலக் கார் கூரையை மடித்துக்கொண்டு நின்றது. 'எல்' இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்... ஆனால் இரண்டாவது கண்ணாடி அப்படியே இருந்தது.

"இதை ஏன் கழட்டேல்லை?"

சயூரன் நிலத்தைப் பார்த்தான். "நான்தான் ஒவ்வொரு கிழமையும் திருப்பி விடுறனான். அப்பதான் அதுக்குள்ளை உங்கட கண் தெரியும்."

"அடப்பாவி! ஒட்டு சரியில்லையெண்டு நான்..." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அதுதான் றிவேர்ஸ் பழக அவ்வளவு நாள் எடுத்ததோ?"

பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டினாள். அவன் திறப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போய் இருந்தான். யதுர்ஷா சின்னக் கண்ணாடியைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினாள்... அவன் முகம் முழுதாக அதற்குள் வரும்வரை.

"ஐயோ, எனக்குப் பின்னாலை வாறது தெரியாதே!"

"றோட்டை நான் பாக்கிறன். நீர் அப்பிடியே இரும்... நான் உம்மைப் பாக்கவேணும்."

'நீங்கள்' போய் 'நீர்'! முதல் தடவை! சயூரனின் முகம் கண்ணாடிக்குள் மலர்ந்து நிறைந்தது.

"ஆனா உம்மட அம்மா? தான் எங்கை இருக்கிறது எண்டு கேட்டவ எல்லோ?"

"அம்மாதான் இண்டைக்கு விடியத் திறப்பைத் தூக்கித் தந்தவ. 'ரெண்டு சீட் போதுமடா, போய் மற்றச் சீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வா' எண்டு."

யதுர்ஷா கிளச்சை மிதித்தாள். மரக் குமிழில் அவள் கை... அதன்மேல், கொஞ்சம் பயந்து பயந்து, அவன் கை. கார் துள்ளவேயில்லை. துள்ளியது இரண்டு பேரின் நெஞ்சும்தான்.