கறுப்பாய் நகர்ந்த திட்டு

காலை ஏழு மணி. சித்தூரை அடுத்த மாம்பழக்கூழ் ஆலையில் ஸ்டோர் ரூம் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளேயிருந்த செம்புக் கம்பிச் சுருளைக் காணோம்.

"இருட்டுல உடம்புச் சூட்டை வெச்சே ஆளைக் காட்டுற கேமராவாம் மேடம்," என்றார் முதலாளி கிருஷ்ணப்பா, விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் தனபாக்கியத்திடம். "திருப்பதியிலேர்ந்து இந்த அகிலாப் பொண்ணு கொண்ணாந்து மாட்டிச்சு. நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு விடிஞ்சுதான் வந்தேன். ராத்திரி பூரா அதுல தெரிஞ்ச ஒரே ஆளு வாட்ச்மேன்தான். கேமரா, வாட்ச்மேன் ரெண்டையும் அனுப்பிடப் போறேன்."

காவலாளி நாகபூஷணம் கைகூப்பினார். "கேட்டாண்டயே சுத்திக்கினு இருந்தேன் மேடம். இந்த வயசுல வேற யாரு வேலை குடுப்பாங்க?"

ஆலையிலேயே தங்கும் மெக்கானிக் சுரேஷ்பாபு சிரித்தான். "அது வெறும் பொம்மைன்னு அன்னிக்கே சொன்னேன்."

தனபாக்கியத்துக்கும் கேமராக்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. ஊரில் மாட்டியவற்றில் பாதி சிலந்திகளுக்கு வீடாகிவிட்டன. ஆனால் கிழவர் கெஞ்சுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

முற்றத்தைச் சுற்றி வந்தாள். வந்திறங்கும் மாங்காய்மேல் ஈரக் கோணி போர்த்துவது அங்கே வழக்கம். குழாயடியில் ஒரு கோணி மட்டும் சொதசொதவென்று கிடந்தது.

"நேத்து லோடு வந்துச்சா?"

"ரெண்டு நாளா வரலயே," என்றார் கிருஷ்ணப்பா.

அகிலாவிடம் திரும்பினாள். "ஈரக் கோணி உங்க கேமராவுல எப்படித் தெரியும்?"

"குளிர்ச்சி இல்லியா, கறுப்பாத் தெரியும். மாட்டின அன்னிக்கு மாங்காய்மேல போட்டே காமிச்சேன்."

"யாருக்கு?"

"முதலாளிக்கும் சுரேஷ்பாபு அண்ணனுக்கும். வாட்ச்மேன் அன்னிக்கு லீவு."

"படத்தைத் திரும்பப் போடுங்க."

காலையில் எல்லோரும் வெள்ளையாக ஆள் தெரிகிறதா என்றே பார்த்திருந்தார்கள். கறுப்பை யாரும் தேடவில்லை. இப்போது தேடினார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு ஸ்டோர் ரூமிலிருந்து மாங்கொட்டைக் குவியல்வரை போனது. குவியலைக் கிளறியதும் சுருள் வெளியே வந்தது.

"ஈரக் கோணி போர்த்தினா கேமராவை ஏமாத்தலாம்னு இந்த ஆலையில ரெண்டு பேருக்குத்தான் தெரியும்," என்றாள் தனபாக்கியம். "முதலாளி ஊர்லயே இல்ல. பொம்மைன்னு சொன்ன நீ எதுக்கு சுரேஷ்பாபு அதுக்குப் பயந்து கோணிக்குள்ள பூந்த?"

"தப்புப் பண்ணிட்டேன் மேடம்," என்றான் அவன்.

நாகபூஷணம் தயங்கியபடி அகிலாவிடம் வந்தார். "ஏம்மா, நான் தூங்காம சுத்தினது அதுல இருக்குதா?"

"விடிய விடிய இருக்குது பெரியவரே."

அவர் கிருஷ்ணப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அது இங்கயே இருக்கட்டும் சார். நானும் இருக்கறேன்."