பக்கத்து இருக்கை

பஸ்ஸில் நிற்க இடமில்லை. சிவசண்முகத்தின் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

முதல் நாள் அதை வெறுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டார். விக்கிரமசிங்கபுரத்து ஜனங்களுக்கு அவர் முகம் தெரியும். கல்யாண வீட்டில் விடிய விடியக் குடித்துவிட்டுக் காரை எடுத்து, நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த பிச்சைக்கண்ணுவை அடித்துப் போட்டவர். அரை மைல் தள்ளிப் புளியமரத்தில் மோதி, ஸ்டியரிங்கிலேயே தூங்கிக் கிடந்தவர். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். லைசென்ஸ் போனது. சர்க்கார் வேலையில் சஸ்பெண்ட். மகளைக் கூட்டிக்கொண்டு நாங்குநேரிக்குப் போன மனைவி விஜயஸ்ரீ ஒரு கடிதம்கூடப் போடவில்லை. ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்து மணிக்கு விக்கிரமசிங்கபுரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். குடியிருந்த அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்தான்.

"இவன் பக்கத்துல மனுசன் உக்காருவானா?" என்று ஒருத்தி காதுபடச் சொன்னாள். ஜன்னல் வழியே யாரோ காறித் துப்பினார்கள்.

நாலாம் நாள் ஒரு வெளியூர்க்காரி, நிறைமாதக்காரி, அவரை யாரென்றே அறியாதவள், உட்காரக் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆளு இருக்காவல்லா," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அதன் பிறகு வாசனை வந்தது. இருபுறமும் வயல்காற்று வீசுகையிலும், மெஷின் எண்ணெயும் ஈரப் பஞ்சும் காய்ந்த வியர்வையும் கலந்த அந்த நெடி கலையாமல் அவருடைய இடது பக்கத்தில் மட்டும் நின்றது. கால்வாய் வளைவில் பஸ் திரும்பும்போது காலி ரெக்ஸின் இருக்கை மெல்ல அமுங்க, அலுத்துத் தூங்குகிற ஆளின் பாரம்போல ஏதோ ஒன்று அவர் கைமேல் சாய்ந்து, வளைவு முடிந்ததும் விலகியது. கை சில்லிட்டிருந்தது.

கடைசி வரிசைக்கு மாறினார். அங்கேயும். நின்றுகொண்டே போனார். நெரிசலில் அவரை ஒட்டி ஒரு ஆள் அளவுக்கு இடைவெளி.

பஸ்ஸில் நடப்பதைச் சொன்னபோது வக்கீல் குமரகுருபரன் காது கொடுக்கவே இல்லை. "சைக்கிள்காரன்தான் குறுக்க வந்தான்னு சொல்லும் வே. செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போறானாக்கும்?"

கோர்ட்டில் அப்படியே சொன்னார்.

மறுநாள் கையெழுத்துப் போட்டுத் திரும்பும் பஸ்ஸில், மில் நிறுத்தத்தில் பிச்சைக்கண்ணுவின் பெண்டாட்டி வடிவம்மாள் ஏறினாள். சிவசண்முகம் தடுமாறி எழுந்து, "உக்காரும்மா" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. காலி இருக்கையைப் பார்த்தாள். முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அவுக உக்காந்திருக்காவ. நான் எங்கன உக்கார?"

யாரும் சிரிக்கவில்லை.

"அவரைக் கூட்டிட்டுப் போயிரும்மா," என்றார். "உள்ளதை கோர்ட்ல சொல்லிருதேன்."

அவள் குனிந்து இருக்கையருகே காதைக் கொடுத்தாள். தலையாட்டினாள். நிமிர்ந்து, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"'என்னையும் கார்ல ஏத்திக்கிடுங்க அண்ணாச்சி'ன்னு கெஞ்சினாவளாம். கதவைப் புடிச்சாவளாம். நீரு கண்ணாடிய ஏத்திட்டுப் போனீராம்லா?"

அதை அவர் போலீஸிடம் சொல்லவில்லை. வக்கீலிடமும் சொல்லவில்லை. அந்த ரோட்டில் அப்போது வேறு யாரும் இல்லை.

"இப்ப ஏறிக்கிட்டாவ," என்றாள் வடிவம்மாள். "இனி இறங்க மாட்டாவளாம்."

அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கிப் போனாள். அவர் தன் இருக்கையில் உட்கார்ந்தார்.

அம்பாசமுத்திரம் வந்தது. எழப் பார்த்தார். முடியவில்லை. இடது கையின் விரல்களுக்கிடையே, ஒவ்வொன்றாக, வேறு விரல்கள் நுழைந்தன. சில்லென்று. அவற்றில் நூல் அறுத்த தழும்புகள் தட்டுப்பட்டன. கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.

பஸ் திருநெல்வேலியைப் பார்த்துக் கிளம்பியது.

தோளில் ஒரு தலை சாய்ந்தது. மேலும் சாய்ந்தது. எந்தக் கழுத்தும் சாயாத அளவுக்கு. எலும்பு இல்லாததுபோல் புரண்டு, முகம் மேல்நோக்கி, அவர் தாடைக்கடியில் வந்து நின்றது. சட்டை நனைந்தது. வெதுவெதுப்பாக.

தொண்டைக்குழியில் ஏதோ உரசியது. மெல்லிய மயிர். இமை மயிர். ஒருமுறை மூடித் திறந்தது.

பிறகு மூடவில்லை.