டிக்கியில் மச்சான்

மேஜைக்கும் சோபாவுக்கும் நடுவில் மச்சான் மல்லாந்து கிடந்தான்.

தலைக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலக் கேடயம். 'சிறந்த கல்விக் காவலர்' என்று பொறித்திருந்தது. தாளாளர் தன் செலவில் செய்து, தன் பள்ளி விழாவில், தனக்கே வழங்கிக்கொண்டது. இன்றுதான் முதன்முதலாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டிருக்கிறது.

"மாப்ள..."

மச்சான் அசையவில்லை.

தாளாளர் குனிந்து நாடி பார்த்தார். அதாவது, மச்சானின் கையில் முழங்கை தொடங்கி எங்கெங்கோ அமுக்கிப் பார்த்தார். எதுவும் துடிக்கவில்லை. பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்கு நாடி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

'ஆள் காலி' என்று முடிவு செய்தார்.

மச்சான் வேறு யாருமில்லை. மனைவியின் கூடப்பிறந்த தம்பி. சாலைப் போக்குவரத்தை ஆய்வு செய்கிற எஞ்சினியர். பள்ளியின் பார்க்கிங் மைதானத்தில் ஐந்து மாடிக் கட்டடம் கட்டத் தாளாளர் அனுமதி கேட்டபோது, அப்படியானால் தெருவின் கதி என்ன என்று மேலிடத்தில் கேட்டார்கள். மச்சான் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தான்.

'பாதிப்பு எதுவும் இல்லை. பள்ளி விடும் நேரத்திலும் வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டே நிமிடம்.'

அனுமதி வந்தது. பார்க்கிங் போனது. தெரு நாசமாய்ப் போனது.

ஊர் முழுக்கப் புகார். நாளைக்கு மறுவிசாரணை. இந்த நேரம் பார்த்து மச்சானுக்கு மனசாட்சி முளைத்துவிட்டது.

"நாளைக்கு உண்மையைச் சொல்லிடப் போறேன் மாமா."

"என்ன உண்மை?"

"வண்டிங்களை நான் எண்ணினது ஞாயித்துக்கிழமை விடிகாலைல. மொத்தம் மூணு வண்டி போச்சு. அதுல ஒண்ணு பால் வண்டி."

"அதை நீயும் நானும் சொல்லாம இருந்தா யாருக்குடா தெரியும்?"

"போன வாரம் ஒரு ஆம்புலன்ஸ் நம்ம வாசல்ல மாட்டிக்கிச்சு. உள்ள பிரசவ வலில ஒரு பொண்ணு. கடைசில ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு ஓடினோம். தூக்கினதுல நானும் ஒருத்தன். இனிமே என்னால முடியாது."

தாளாளர் கெஞ்சிப் பார்த்தார். அக்கா வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பார் என்றார். மச்சான் எழுந்து கதவுப் பக்கம் திரும்பினான். அவன் வாயைத் திறந்தால் கட்டடம் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். நான்காவது, ஐந்தாவது மாடிகளில் உட்கார வேண்டிய பிள்ளைகளுக்கோ ஏற்கெனவே அட்மிஷன் போட்டாயிற்று!

கேடயம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவ்வளவுதான்.

இனி யோசிக்க நேரமில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த ஃபிளெக்ஸ் பேனரை இழுத்தார். கைகால்களைச் சேர்த்து மச்சானை அதில் சுருட்டினார். 'உங்கள் குழந்தையின் எதிர்காலம் எங்கள் கையில்' என்ற வாசகத்துக்கு மேலே தாளாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அறையின் பின்கதவை ஒட்டியே கார். வளாகத்தில் மிச்சமிருந்த ஒரே பார்க்கிங் இடம். 'தாளாளர் மட்டும்' என்று போர்டு. டிரைவரை ஏதோ மாத்திரை வாங்கி வரச் சொல்லித் துரத்திவிட்டு, சுருளை இழுத்துப் போய் டிக்கியில் திணித்தார். மூடி அழுத்தினார்.

ஊருக்கு வெளியே தண்ணீர் நிரம்பிய ஒரு கல்குவாரி இருக்கிறது. மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டால் போதும்.

பள்ளி விடும் மணி அடித்தது.

நியாயமாக அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. இத்தனை வருடத்தில் பள்ளி விடும் நேரத்தில் அவர் அந்தத் தெருவைப் பார்த்ததே கிடையாது. அது அவர் வீட்டில் மத்தியானத் தூக்கம் போடுகிற வேளை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரிப்போர்ட் மட்டும்தான்.

இரண்டே நிமிடம்.

ஊரில் ஒருவர்கூட நம்பாத அந்த ரிப்போர்ட்டை, அதைக் காசு கொடுத்து எழுதச் சொன்ன மனிதர் மட்டும் முழு மனதோடு நம்பினார்.

வாட்ச்மேன் சல்யூட் அடித்து கேட்டைத் திறந்தான். கார் தெருவுக்குள் மூக்கை நீட்டியது.

நின்றது.

தெரு என்று ஒன்று அங்கே இல்லை. வலது பக்கம் அவருடைய மணல் குவியல். இடது பக்கம் அவருடைய கம்பிகள். நடுவில் அவருடைய கட்டடத்துக்குக் கான்க்ரீட் கலக்குகிற லாரி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் வயிற்றை மட்டும் சுழற்றிக்கொண்டு நின்றது. மிச்சமிருந்த சந்தில் கார், ஆட்டோ, வேன், ஸ்கூட்டர்... இரண்டு வரிசை, அதன் மேல் ஒரு வரிசை. 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்ற பலகையில் ஒருவர் சாய்ந்தபடி தன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

பின்னால் போகலாமென்று பார்த்தார். கேட்டை மறித்து ஏற்கெனவே நாலு வேன்.

கொலைகாரன் கான்க்ரீட்டில் பதித்த மாதிரி மாட்டிக்கொண்டான்.

செல்போன் அலறியது. மனைவி.

"ஏங்க, தம்பி உங்களைப் பாக்கத்தானே வந்தான்? இன்னும் வீடு வந்து சேரல."

"அ... அவன் அப்பவே கிளம்பிட்டானே..."

"இருங்க, அவன் போனுக்கு அடிச்சுப் பாக்கறேன்."

அடித்தாள்.

டிக்கிக்குள்ளிருந்து ரிங்டோன் கிளம்பியது!

தாளாளர் சட்டென்று ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை. அதைக் கேட்டுப் பின்னால் இருந்தவன் அழுத்தினான். அவன் பின்னால் இருந்தவனும் அழுத்தினான். ஏன் அழுத்துகிறோம் என்று தெரியாமலே தெரு முழுக்க அழுத்தியது. படித்த பெற்றோர்கள்.

ரிங்டோன் அந்த ஊளையில் அமுங்கிப் போனது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தாளாளர் தன் தெருவின் இரைச்சலை மனதார வாழ்த்தினார்.

கண்ணாடியில் டொக் டொக். திடுக்கிட்டுத் திரும்பினார். ஸ்கூட்டரில் ஒரு அம்மா. முன்னால் பையன். பையன் மடியில் தெர்மாகோலில் செய்த ஒரு வீடு.

"சார், இது உடைஞ்சா இவன் அழுது ஊரைக் கூட்டிடுவான். உங்க டிக்கில கொஞ்சம் வச்சுக்கறீங்களா? மெயின் ரோட்டுல வாங்கிக்கறேன்."

"டிக்கில இடமில்ல."

"இவ்ளோ பெரிய வண்டில இடமில்லையா?"

"சாமான் இருக்கும்மா."

அந்த அம்மா உற்றுப் பார்த்தாள். "அட, நீங்க தாளாளர் இல்ல?"

அந்த ஒரு கேள்விதான் தாமதம். ஆட்டோக்காரர் இறங்கினார். வேன்காரர் இறங்கினார். டை கட்டிய அப்பாக்கள் இறங்கினார்கள். காரைச் சுற்றி ஒரு மாநாடே கூடிவிட்டது. ஒருவர் சாவகாசமாக டிக்கியின் மேலேயே ஏறி உட்கார்ந்தார். ஆளுக்கொரு பக்கம் ஹாரன், ஆளுக்கொரு பக்கம் திட்டு. தினமும் இந்த நரகத்தில் நாங்கள் வேகிறோம், ஒரு நாள் நீயும் வெந்து பார் என்பதுதான் மொத்தத்தின் சாரம்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிராஃபிக் எஸ்.ஐ. வந்தார். வெயிலில் கறுத்த முகம். எதற்கும் அசராத பெண்மணி. கையில் மைக்.

"சார், எதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னா உங்க வண்டியை விட மாட்டாங்க."

"நீங்களே கலைச்சு விடுங்களேன் மேடம்."

"கலைச்சா எங்க போவாங்க? போறதுக்கு வழி இருந்தா ஏன் நிக்கறாங்க?"

மைக்கை நீட்டினார்.

தாளாளர் தயங்கினார். ரிங்டோன் நின்றுவிட்டிருந்தது. இரண்டு வார்த்தை சொன்னால் வழி கிடைக்கும். குவாரி காத்திருக்கிறது. கீழே இறங்கினார். மைக்கை வாங்கினார்.

அங்கேதான் வினை. மைக்கைக் கையில் எடுத்தால் அவருக்கு உலகம் மறந்துவிடும். டிக்கி மறந்தது. மச்சான் மறந்தான். தொண்டையைக் கனைத்தார்.

"என் அன்பார்ந்த பெற்றோர்களே... முதல்ல அந்த ஹாரனை நிறுத்துங்க. டிக்கி மேல இருக்கறவர் இறங்குங்க. என்னைப் பேச விடுங்க."

ஒவ்வொரு ஹாரனாக அடங்கியது. லாரிக்காரர்கூட என்ஜினை அணைத்தார். கட்டட வேலை தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தெரு அறியாத நிசப்தம்!

தாளாளர் குரலில் தேன் ஒழுகியது.

"நிபுணர்களை வச்சு ஆய்வு பண்ணித்தான் இந்தக் கட்டடத்தை எழுப்பறோம். இதனால போக்குவரத்துக்குப் பாதிப்பு எதுவும் இல்லை..."

"பொய்!"

தாளாளர் நின்றார். கூட்டத்தை முறைத்தார்.

"யாரது?"

எல்லோரும் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பச்சைப் பொய்! ஞாயித்துக்கிழமை எண்ணினது! திறங்கய்யா, மூச்சு முட்டுது!"

எஸ்.ஐ. நிதானமாகத் தாளாளர் பக்கம் திரும்பினார்.

"சார்... உங்க டிக்கி பேசுது."

தாளாளர் ஓடப் பார்த்தார். எங்கே ஓடுவது? மணலில் கால் புதைந்தது. அவர் கட்டடத்து மணல். ஆட்டோக்காரர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

டிக்கி திறந்தது. ரத்தம் தோய்ந்த பேனரிலிருந்து மச்சான் தலையை நீட்டினான். தெர்மாகோல் வீட்டுப் பையன் வாயைப் பிளந்தான்.

"கேடயத்தால அடிச்சுட்டாரு மேடம். மயங்கிட்டேன். அக்கா போன் அடிச்சப்பதான் முழிப்பு வந்துச்சு. கைதான் கட்டுப்பட்டுக் கெடக்கே, எப்படி எடுக்கறது? கத்து கத்துன்னு கத்தினேன், ஹாரன்ல எவனுக்கும் கேக்கல." கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். "நாம இப்ப எங்க இருக்கோம்?"

"ஸ்கூல் வாசல்."

"இன்னுமா?"

ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு அவ்வளவு வலியிலும் மச்சான் சிரித்துவிட்டான். ஸ்கூட்டர் அம்மா தன் துப்பட்டாவால் அவன் தலையைக் கட்டினாள். பையனையும் வீட்டையும் ஆட்டோக்காரரிடம் விட்டுவிட்டு, மச்சானைப் பின்னால் ஏறச் சொன்னாள். நடைபாதை வழியாகப் புகுந்து போய்விடலாம் என்றாள்.

தாளாளர் கையில் விலங்கு ஏறியது.

அப்போதும் அவருக்குக் கௌரவம் போகவில்லை. பெற்றோர்கள் முன்னால் தெருவில் நடத்திக் கூட்டிப் போகாதீர்கள் என்று எஸ்.ஐ.யிடம் முனகினார். ஜீப்பை வாசலுக்கு வரவழைக்கச் சொன்னார்.

"ஜீப் மெயின் ரோட்டுல நிக்குது சார். உள்ள வர வழியில்ல."

ஸ்கூட்டர் அவரைத் தாண்டும்போது மெதுவானது. பின் சீட்டிலிருந்து மச்சான் மரியாதையாகக் குனிந்தான்.

"நடந்தே போங்க மாமா. ரிப்போர்ட் படி ரெண்டே நிமிஷம்."